மின்கோவின் கழுத்தளவு

என் புருஷன் மின்கோ சாகப்போவதாக முடிவு செய்தது போன வருஷம் ஜூன் மாதத்தில். டாக்டர் அப்படி எதுவும் சொல்லவில்லை. ஏப்ரலில் குடலில் இருந்த கட்டியை வெட்டியெடுத்தார்கள். சுத்தமாக எடுத்தாயிற்று, ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வந்து காட்டிவிட்டுப் போங்கள் என்றார்கள். அவ்வளவுதான். இவனாகத்தான் முடிவு செய்துகொண்டான். தூண்டில்களை எல்லாம் கீழ்வீட்டு டோன்ச்சோவுக்குத் தூக்கிக் கொடுத்தான். சாவு நோட்டீஸில் போடுவதற்கென்று ஒரு போட்டோவைத் தேடி எடுத்து, பெரிதாக்கிக் கொண்டுவந்து அலமாரியில் வைத்தான். அதுவும் டிராலி பஸ் ஓட்ட ஆரம்பித்த காலத்துப் போட்டோ. தலை நிறைய முடி, மீசை.

"இதை வாசக்கதவுல ஒட்டினா யாருக்குய்யா அடையாளம் தெரியும்? யாரோ வாலிபன் போயிட்டான்னு எவளாவது அழுவா" என்றேன்.

"அழுதுட்டுப் போகட்டும்" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

நான் ஸ்டான்கா. துறைமுகத்தில் இருபத்தெட்டு வருஷம் கிரேன் ஓட்டியவள். மேலே கூண்டில் உட்கார்ந்து, டான்யூப் காற்றையும் மீறிக் கீழே இருப்பவனுக்குக் கேட்கிற மாதிரி கத்திக் கத்தி எனக்கு மெதுவாகப் பேச வராது. நான் "உப்பு கொடு" என்றாலே சண்டை போடுகிறேன் என்று பக்கத்து வீட்டில் நினைப்பார்கள். அப்படிப்பட்ட நான் அந்தக் கோடை முழுக்க வீட்டில் ரகசியம் பேசுகிறவள் மாதிரி பேசிக்கொண்டிருந்தேன். எனக்குப் பயமாக இருந்தது. அவன் படுக்கையை விட்டு எழுந்து ஜன்னல் வரைக்கும் போனால் அன்றைக்கு நல்ல நாள். நாற்பது வருஷம் ஒரே மேஜையில் சாப்பிட்ட ஆள் இல்லாமல் எப்படி இருப்பது என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் ஆசை இல்லை.

ஜன்னலுக்குப் போனாலும் பார்ப்பதற்கு என்ன இருந்தது? குழி. எங்கள் நாற்பத்தொன்றாம் பிளாக்குக்கும் எதிரே நாற்பத்திரண்டுக்கும் நடுவில் பண்பாட்டு மண்டபம் கட்டுகிறோம் என்று தோண்டினார்கள். அந்த வருஷமே ஆட்சி மாறியது, குழி மட்டும் மாறவில்லை. முப்பது வருஷத்துக்கு மேலாக எல்லாரும் அதில்தான் கொட்டினோம். உடைந்த கழிப்பறைத் தொட்டி, மெத்தை, கிறிஸ்துமஸ் மரம், சக்கரம் இல்லாத ஒரு மாஸ்க்விச் கார். வசந்தத்தில் தண்ணீர் தேங்கித் தவளை கத்தும். நானே கொட்டியிருக்கிறேன், பொய் சொல்வானேன். பழைய கம்பளத்தை நாலாவது மாடியிலிருந்து வீசினேன், குறி தப்பாமல் விழுந்தது.

இரண்டாவது மாடி ரலிட்ஸாதான் ஆரம்பித்து வைத்தாள். முப்பத்திரண்டு வயது, மருந்துக்கடையில் வேலை, இரட்டைக் குழந்தைகள். ஆறு வயதில் அம்மாவோடு ஸ்பெயினுக்குப் போனவள், அங்கேயே படித்து வளர்ந்து, என்னவோ புத்தி கெட்டுப்போய் எங்களிடமே திரும்பி வந்துவிட்டாள். ஒரு நாள் கையில் காகிதக் கட்டோடு வந்து மணி அடித்தாள்.

"அத்தை, குழியைத் தூர்த்து மரம் வைக்கப்போறோம். ஒரு கையெழுத்துப் போடுங்க."

"போறோம்னா யாரெல்லாம்?"

"இப்போதைக்கு நான். நீங்க போட்டா ரெண்டு பேர்."

அந்தப் பதில் பிடித்துப்போய்ப் போட்டேன். நகராட்சியில் அலைந்து, மூன்று வருஷத்துக்கு நிலத்தை எங்கள் பொறுப்பில் வாங்கிவிட்டாள். ஒரே நிபந்தனை: அவள் எழுதிக் கொடுத்த பிளானில் என்னென்ன மரம் எத்தனை என்று இருக்கிறதோ, அத்தனையும் நவம்பர் கடைசிக்குள் மண்ணில் நிற்க வேண்டும். இல்லையென்றால் தார் ஊற்றிக் கார் நிறுத்துமிடம் ஆகிவிடும்.

ஆரம்பத்தில் ஐந்து பேர் வந்தோம். மற்றவர்கள் பால்கனியில் நின்று காபி குடித்துக்கொண்டு யோசனை சொன்னார்கள். "அந்தக் கல்லை முதல்ல எடுக்கணும்" என்று ஒருத்தன். "நீ இறங்கி வந்து எடு" என்று நான் கீழேயிருந்து கத்தினேன். என் தொண்டை அந்தக் கோடையில்தான் ஊருக்கு உபயோகப்பட்டது. வெட்கப்பட்டுக்கொண்டே ஒவ்வொருத்தராக இறங்கினார்கள். டோன்ச்சோ தன் மச்சானிடமிருந்து ஒரு சின்னக் கிரேன் வண்டியை வாங்கிவந்தான். நான்தான் ஏறினேன். அந்த மாஸ்க்விச்சைத் தூக்கி லாரியில் வைத்தபோது இரண்டு பிளாக்கும் கைதட்டியது. செப்டம்பரில் வழக்கம்போல குளிர்காலத்துச் சட்னிக்காக எல்லாரும் மிளகாய் சுட்டோம், ஆனால் ஒவ்வொரு வாசலிலும் தனித்தனியாக இல்லை. தூர்த்த குழியின் நடுவில் ஒரே கொப்பரை வைத்துக் கிண்டினோம். பக்கத்துப் பிளாக்கில் ஒரு பல் டாக்டர் இருக்கிறாள் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

மின்கோ ஒரு தடவைகூட இறங்கவில்லை. மிளகாய்ச் சட்னியை ரொட்டியில் தடவி எடுத்துக்கொண்டு மேலே போனேன். பாதி தின்றான்.

"கீழ வந்து பாரேன், எவ்வளவு மாறியிருக்குன்னு."

"எனக்கெதுக்கு? மரம் நிழல் குடுக்கறப்ப நான் இருக்கமாட்டேன்."

அக்டோபர் கடைசியில் ஆறு மாதச் சோதனைக்கு அழைத்துப்போனேன். எல்லாம் சுத்தம் என்றார் டாக்டர். இவன் சந்தோஷப்பட வேண்டாமா? "அப்ப எத்தனை வருஷம் இருப்பேன்?" என்று கேட்டான். டாக்டர் காகிதத்தைப் புரட்டினார். "ஆறு மாசம் கழிச்சு வாங்க, பார்ப்போம்." பஸ்ஸில் திரும்பி வரும்போது, "பாத்தியா, வருஷம்கிற வார்த்தையே அந்தாளு வாயில வரல" என்றான். நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

நவம்பர் மூன்றாவது சனிக்கிழமை மரக்கன்றுகள் வந்தன. இருபது லிண்டன், ஒன்பது வேறு ஏதோ. லாரிக்காரன் இறக்கி வைத்துவிட்டு, "இந்த ஒம்பதையும் யார் நடப்போறீங்க?" என்று ஒரு மாதிரி சிரித்துவிட்டுப் போனான். டோன்ச்சோ அட்டையைத் திருப்பிப் படித்தான். இரண்டு அடி பின்னால் நகர்ந்தான்.

"அடிப்பாவி! வால்நட்!"

பத்து நொடியில் அந்த ஒன்பது கன்றுகளைச் சுற்றி ஒரு வட்டம் காலியாகிவிட்டது. ரலிட்ஸா மட்டும் நடுவில் நின்று விழித்தாள்.

"ஏன்? நல்ல மரம்தானே? நிழல் தரும், காய் தரும், மண்ணைப் பிடிச்சுக்கும். அதனாலதான் பிளான்ல எழுதினேன்."

"ஸ்பெயின்ல பள்ளிக்கூடத்துல இதெல்லாம் சொல்லித் தரலியாம்மா உனக்கு?" என்றான் டோன்ச்சோ. "வால்நட்டை மனுஷன் நடக்கூடாது. காக்கா போட்டு முளைக்கணும். மனுஷன் நட்டா, அந்த மரத்தோட தண்டு என்னைக்கு நட்டவன் கழுத்தளவு பருக்குதோ, அன்னைக்கு அவன் போய்ச் சேருவான்."

"கழுத்தளவு இல்ல, இடுப்பளவு" என்று பல் டாக்டர் திருத்தினாள்.

"நீங்க படிச்சவங்க, உங்களுக்கு இடுப்பளவு. எங்க ஊர்ல கழுத்துதான்."

"நிஜமாவே நம்பறீங்களா?" ரலிட்ஸா ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள்.

"யார் நம்பறா? நான் நம்பல" என்றான் டோன்ச்சோ. "ஆனா நடமாட்டேன்."

லிண்டன் இருபதும் ஒரு மணி நேரத்தில் மண்ணுக்குள் போய்விட்டன. அதற்குப் பிறகு பார்க்க வேண்டுமே வேடிக்கையை. டோன்ச்சோவின் பெண்டாட்டிக்கு முதுகுவலி. ஒருத்திக்கு அடுப்பில் சூப். பல் டாக்டருக்கு போன் வந்தது, மணியடித்ததை மட்டும் யாரும் கேட்கவில்லை. டோன்ச்சோ கன்றைக் காலால் உதைத்துக் குழிக்குள் தள்ளினால் சாவுக் கணக்கில் வராது என்று ஒரு சட்டம் சொன்னான், உதைக்க வா என்றால் வரமாட்டேன் என்றான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திட்டினேன். ஆனால் நானும் நடவில்லை. என் கழுத்து ஒல்லி.

"சரி, நானே நடறேன்" என்று ரலிட்ஸா மண்வெட்டியை எடுத்தாள். குழி வெட்டினாள். கன்றைக் கையில் எடுத்தாள். அப்படியே நின்றாள். "முட்டாள்தனம்னு தெரியுது அத்தை. ஆனா ரெண்டு பிள்ளைங்க வச்சிருக்கேன். கை போகமாட்டேங்குது. எதுக்கு என்கிட்ட சொன்னீங்க? தெரியாம இருந்திருந்தா நட்டிருப்பேனே!" அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. திங்கட்கிழமை நகராட்சியிலிருந்து ஒரு அம்மா பிளானைக் கையில் வைத்துக்கொண்டு எண்ண வருகிறாள். ஒன்பது குறைந்தால் ஆறு மாத உழைப்பும் தாருக்கு அடியில்.

அப்போதுதான் வாசற்கதவு திறந்தது. மின்கோ. பைஜாமாவுக்கு மேல் குளிர்கோட்டு, காலில் வீட்டுச் செருப்பு. ஆஸ்பத்திரிக்குப் போனதைத் தவிர ஐந்து மாதமாக மாடி இறங்காத மனுஷன் சேற்றில் சதக் சதக்கென்று நடந்து வந்தான். எல்லாரும் வழிவிட்டார்கள்.

"குடும்மா" என்று ரலிட்ஸா கையிலிருந்து கன்றை வாங்கினான்.

"மின்கோ அண்ணே, அது வால்நட்டு" என்றான் டோன்ச்சோ.

"ஜன்னல்லேர்ந்து கேட்டுச்சு. இந்த வேலைக்கு என்னைவிடப் பொருத்தமான ஆள் இந்தப் பிளாக்குல யாரு இருக்கா?"

பாய்ந்து போய் அவன் கையைப் பிடித்தேன். "மேல போ. போட்டோ எடுத்து வச்சது பத்தலியா? இப்ப இதுவுமா? ஊர் முன்னாடி நின்னு சாவைக் கூப்பிடறியா?" என் குரல் ஆற்றுக்கு அந்தப் பக்கம் ருமேனியாவில் கேட்டிருக்கும். அவன் கையை மெதுவாக விடுவித்துக்கொண்டான். எங்கள் சமையலறை ஜன்னலுக்கு நேர் கீழே முதல் கன்றை வைத்தான், மண்ணைத் தள்ளினான், செருப்புக் காலால் மிதித்து இறுக்கினான். பிறகு அடுத்தது. ஒன்பதையும் அவனே நட்டான். மூச்சு வாங்க நின்று நின்று நட்டான். ரலிட்ஸா மட்டும் கூடவே தண்ணீர் ஊற்றிக்கொண்டு போனாள்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு இரண்டு தட்டு பீன்ஸ் சூப் சாப்பிட்டான். கடைசி ஆசை என்று நினைத்தேன். சாகப்போகிறவனுக்குத்தான் அப்படித் திடீரென்று பசிக்கும் என்று என் புத்தி சொன்னது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு, அவன் குறட்டை விட்டுத் தூங்கும்போது, நான் கீழே இறங்கினேன். ஒரு நாயைத் தவிர யாரும் இல்லை. நிலமாவது மரமாவது, தார் ஊற்றினால் ஊற்றட்டும், என் புருஷன் எனக்கு வேண்டும். ஒவ்வொரு கன்றாகப் பிடித்து இழுத்தேன். முதல் நாள் நட்டதுதானே, சுலபமாக வந்தன. ஜன்னலுக்குக் கீழே இருந்த கன்றைக் கடைசியாகப் பிடித்தேன். அது வரவில்லை. அதைத்தான் அவன் நன்றாக மிதித்து இறுக்கியிருந்தான். இரண்டு கையாலும் பிடித்து, கோபத்தையெல்லாம் சேர்த்து இழுத்தேன். உள்ளே ஆணிவேர் படக்கென்று முறிந்த சத்தம் கேட்டது. ஒன்பதையும் குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் போட்டுவிட்டு மேலே வந்தேன்.

சமையலறை ஜன்னலில் மின்கோ நின்றுகொண்டிருந்தான்.

"என்ன பண்ணிட்டு வர்றே?"

"உன்னைக் காப்பாத்திட்டு வர்றேன்."

"காப்பாத்திட்டு!" அவன் மேஜையில் குத்தினான். காபிக் கோப்பை துள்ளியது. ஆறு மாதத்தில் அவன் கோபப்பட்டு நான் பார்க்கவில்லை. "உனக்கு மூளை இருக்கா ஸ்டான்கா? என் கழுத்தைப் பாரு. பாரு! சட்டைக் காலர் நாப்பத்தி நாலு. அந்தக் கன்னு சுண்டுவிரல் தண்டி. அது நாப்பத்தி நாலு ஆகறதுக்கு எத்தனை வருஷம் ஆகும்?"

எனக்குப் புரியவில்லை.

"பதினஞ்சு வருஷம்! குறைஞ்சது பதினஞ்சு! தண்டு கழுத்தளவு ஆனாத்தானே நான் போகணும்? ஆகற வரைக்கும் எவன் என்னைக் கூப்பிட முடியும்? அந்த டாக்டர் படிச்ச படிப்புக்கு ஒரு வருஷம்னு சொல்ல வாய் வரல. ஆறு மாசம், ஆறு மாசம், கடன் குடுக்கற மாதிரி. நேத்து டோன்ச்சோ கத்தினது ஜன்னல்ல கேட்டப்ப, எனக்கு ஒரு நாள் குறிச்சுக் குடுத்த மாதிரி இருந்துச்சு. எட்டு பட்டுப்போனாலும் ஒண்ணாவது நிக்கட்டும்னு ஒம்பதையும் நட்டேன். நீ என்னடான்னா ஒரே காலையில எல்லாத்தையும் பிடுங்கி எறிஞ்சுட்டு வந்து நிக்கறே."

நாங்கள் எல்லாரும், எங்கள் பாட்டன் முப்பாட்டன் எல்லாரும், தண்டு பருத்தால் சாவு என்றுதான் கேட்டிருக்கிறோம். பருக்கிற வரைக்கும் சாவு இல்லை என்று அதைத் திருப்பிக் கேட்ட முதல் ஆள் என் புருஷன்தான். ஆக இவனுக்குச் சாக இஷ்டமே இல்லை! இத்தனை மாதமும் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தது பயத்தில். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது எனக்கு. "எழுந்திரு, கோட்டைப் போடு" என்றேன். நின்றுகொண்டிருந்தவனைப் பார்த்து எழுந்திரு என்று சொன்னேன் என்பது படியில் இறங்கும்போதுதான் உறைத்தது.

குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் ஒன்பதும் அப்படியே கிடந்தன. நான் ஒன்றை எடுத்துக் குழியில் வைக்கப் போனேன். "நீ நடாதே, உன் கணக்காயிடும். பிடிச்சுக்க மட்டும் செய்" என்று மின்கோ அதட்டினான். இந்தச் சத்தத்தில் ஜன்னல்கள் திறந்தன. பைஜாமாவோடு டோன்ச்சோ வந்தான். நடந்ததையும் தன் பதினைந்து வருஷக் கணக்கையும் மின்கோ சொன்னான். டோன்ச்சோ தன் கழுத்தைத் தடவிப் பார்த்தான். காளைமாட்டுக் கழுத்து அவனுக்கு.

"அண்ணே, ஒம்பதையும் நீங்களே வச்சுக்கறது நியாயமா? எனக்கொண்ணு குடுங்க."

"நேத்து முதுகுவலின்னே?"

"அது என் பொண்டாட்டி. நான் உதைச்சு நடலாம்னவன்."

அரை மணியில் இரண்டு பிளாக்கிலிருந்தும் ஆட்கள் வந்துவிட்டார்கள். நேற்று வட்டம் போட்டு விலகி நின்ற அதே ஜனங்கள், இன்று எனக்கு உனக்கு என்று கன்றுக்குச் சண்டை போட்டார்கள். இடுப்பளவுதான் சரியான கணக்கு என்று பல் டாக்டர் அடித்துச் சொன்னாள். அவள் இடுப்புக்கு ஐம்பது வருஷமாவது ஆகும். ரலிட்ஸா ஒன்றை நட்டுவிட்டு, "நான் குண்டாகணும் போலிருக்கே" என்று சிரித்தாள். மின்கோ தனக்கென்று ஒன்றே ஒன்றை வைத்துக்கொண்டான். ஜன்னலுக்குக் கீழே இருந்த கன்று. "இது நான் முதல்ல நட்டது, இதுவே போதும்" என்றான். வேர் முறிந்தது அதுதான். எனக்குத் தெரியும். எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள், அவனும் சிரித்துக்கொண்டிருந்தான். என் நாக்கு எழவில்லை.

திங்கட்கிழமை அந்த அம்மா வந்து எண்ணிப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனாள்.

அந்தக் குளிர்காலத்தில் என் வீட்டுக்காரன் வீட்டிலேயே இல்லை. டிப்போவுக்குப் போய்ப் பழைய நண்பர்களை நச்சரித்து, கழித்துப்போட்ட டிராலி பஸ் சீட்டுகளைக் கொண்டுவந்து பெஞ்சு செய்தான். கன்றுகளைச் சுற்றி நாய் கடிக்காமல் கம்பிவலை அடித்தான். எவனாவது காரைப் புல்லில் ஏற்றினால் இவன் போடுகிற சத்தம் நாலாவது மாடிக்குக் கேட்டது. குப்பை வீசுகிறவர்களைப் பெயர் சொல்லித் திட்டினான். டோன்ச்சோவிடமிருந்து தூண்டில்களைத் திரும்ப வாங்கிக்கொண்டான். மார்ச்சில் ஒரு மாலை எதிர்ப் பிளாக்கிலிருந்து ஐம்பது பேர் வந்து அந்த பஸ் சீட்டுகளில் உட்கார்ந்திருந்தார்கள். இத்தனை வருஷம் பேசிக்கொள்ளாதவர்கள் சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டு பேசினார்கள். நான் மட்டும் ஜன்னலிலிருந்து அந்த ஒரு குச்சியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏப்ரலில் லிண்டன்கள் துளிர்த்தன. வால்நட் சோம்பேறி மரம், எல்லாருக்கும் பின்னால்தான் எழுந்திருக்கும். காத்திருந்தேன். மே மாதம் புனித ஜார்ஜ் திருநாளுக்கு ஆட்டுக்குட்டி வறுத்து எல்லாரும் குழியில் கூடினோம் (இன்னும் குழி என்றுதான் சொல்கிறோம்). எட்டு வால்நட்டிலும் செம்பழுப்பாக இலை விரிந்திருந்தது. ஒன்பதாவது மொட்டையாக நின்றது. யாரும் பார்க்காதபோது நகத்தால் பட்டையைச் சுரண்டினேன். உள்ளே பச்சை இல்லை, காய்ந்த பழுப்பு. அடுத்த வியாழக்கிழமை மின்கோவுக்கு மறுபடியும் ஆறு மாதச் சோதனை.

டோன்ச்சோவைத் தனியாக இழுத்துப்போனேன். "உன் மரத்தை ராவோட ராவா இங்க மாத்தி நடலாமா?"

"அண்ணி, என் பதினஞ்சு வருஷத்தைக் கேக்கறீங்க" என்றான். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி, எடுத்துக்குங்க" என்றான். நல்லவன். ஆனால் இலை விட்ட மரத்தைப் பிடுங்கினால் அதுவும் செத்துப்போகும். இன்னொரு தடவை பிடுங்கும் தெம்பு எனக்கும் இல்லை.

செவ்வாய்க்கிழமை காலை காபி ஊற்றும்போது சொல்லிவிட்டேன். வேர் முறிந்தது, சத்தம் கேட்டது, ஆறு மாதமாக மறைத்தது, எல்லாம். "உன் மரம் செத்துப்போச்சு மின்கோ. நான்தான் கொன்னேன்."

அவன் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தான்.

"தெரியும்."

"எப்பத்திலேர்ந்து?"

"மார்ச்சுலேர்ந்து. நானும் சுரண்டிப் பாத்தேன்."

"அப்புறம் ஏன் சொல்லல?"

"சொன்னா நீ அழுவே. நீ அழுதா ரெண்டு பிளாக்குக்கும் கேக்கும்." ரொட்டியை மென்று முழுங்கினான். "பஸ்ஸுக்கு இருபது நிமிஷம் இருக்கு. கிளம்பு."

"எங்க?"

"நாத்துப்பண்ணைக்கு. வியாழக்கிழமைச் சோதனை வர்றப்ப வரட்டும். அதுக்கு முன்னாடி மண்ணுல ஒண்ணு நிக்கணும்."

நாற்றுப்பண்ணை ஊருக்கு வெளியே ஒன்பதாவது நிறுத்தம். பண்ணைக்காரன் எங்களை வால்நட் வரிசைக்குக் கூட்டிப்போனான். தொட்டிகளில் ஆளுயரத்துக்கு, நன்றாகத் திரண்டு நின்றன. "இதை எடுத்துக்குங்க. மூணு வயசு, நல்ல தண்டு. நாலு வருஷத்துல காய் பாக்கலாம்" என்றான்.

மின்கோ கட்டைவிரலாலும் ஆள்காட்டிவிரலாலும் தண்டைச் சுற்றி அளந்தான். தலையை ஆட்டினான். "இவ்வளவு தடிமன் வேணாம். மெல்லிசா இருக்கா?"

பண்ணைக்காரன் இன்னொன்றைக் காட்டினான். "இது போன வருஷத்துது. ஆனா குச்சி மாதிரி இருக்கே."

"இதைவிட மெல்லிசா?"

"அய்யா, எல்லாரும் பருமனா கேப்பாங்க. நீங்க..." என்று ஆரம்பித்தவன் நிறுத்தினான். மின்கோவின் முகத்தைப் பார்த்தான். இங்கே பிறந்து வளர்ந்தவன்தானே அவனும். பார்வை மெதுவாகக் கழுத்துக்கு இறங்கியது, தொளதொளவென்ற கோட்டுக்குள் நின்ற உடம்புக்கு இறங்கியது. கொட்டகைக்குப் பின்னால் போனவன், ஒரு தயிர் டப்பாவைக் கையில் ஏந்திக்கொண்டு வந்தான். அதில் தீக்குச்சி தண்டிக்கு ஒரு தண்டு, மேலே இரண்டே இரண்டு இலை.

"போன வாரம்தான் முளைச்சுது" என்றான். "என்கிட்ட இதைவிடச் சின்னது இல்ல."

காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டான். திரும்பும்போது பஸ்ஸில் கூட்டம். ஒரு பெண் எழுந்து மின்கோவுக்கு இடம் கொடுத்தாள். அவன் உட்கார்ந்து, டப்பாவை மடியில் வைத்து, ஜன்னல் காற்று படாமல் இரண்டு கையாலும் மூடிக்கொண்டான். நான் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடி, ஒன்பது நிறுத்தமும் வெட்கமில்லாமல் சத்தமாக அழுதுகொண்டு வந்தேன்.